‘அவனிடம் போய் எப்படி எழுதிக் கேட்பது?’

வாசகர் கடிதம்:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். எனக்கு 54 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது; அம்மா என்னோடு இருக்கிறார். அப்பாவும் சித்தப்பாவும் மாந்தோப்பை அந்தக் காலத்திலேயே வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பாவும் போன வருடம் போய்விட்டார். இப்போது அவர் மகன் வரப்பைத் தள்ளி என் பக்கம் கல்லுக்கால் நடுகிறான். இது போதாதென்று, கூட்டாளி ஒருவன் டெம்போ வாங்க நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் தவணை கட்டாமல் பெங்களூருக்குப் போய்விட்டான். ஃபைனான்ஸில் இருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதில் எதுவும் அனுப்பவில்லை. எனக்கு ஓர் அக்கா உண்டு. அவர் பங்கு எதுவும் கேட்டதில்லை. முப்பது வயதில் யாராவது இதையெல்லாம் சொல்லித் தந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. மகனுக்கு 26 வயது, ஓசூர் சிப்காட்டில் வேலை. அவனுக்காவது என்ன சொல்லித் தரட்டும்?

பதில்:

ஐயா, வணக்கம். தோப்பு, டெம்போ, அக்கா என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே விவகாரமாகத்தான் தெரிகிறது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கோர்ட்டுக்கு வரும் குடும்ப வழக்குகளில் பல இந்த ஒரு பேச்சில்தான் தொடங்குகின்றன: “அவனிடம் போய் எப்படி எழுதிக் கேட்பது?” உங்கள் அப்பா தம்பியிடம் கேட்கவில்லை. நீங்கள் கூட்டாளியிடம் கேட்கவில்லை. அக்காவிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்ற கூச்சம் எல்லோருக்கும் இருந்திருக்கிறது.

முப்பது வயதில் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் என்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம்தான். அந்த வயதில் கூட்டாளிதான் உலகம். கையெழுத்துப் போடாதே என்று சொல்லும் பெரியவர் நமக்கு எதிரி. சரி, அது போகட்டும். அவசரமான விஷயத்தை முதலில் பார்ப்போம்.

அந்த நோட்டீஸை எடுத்து இன்றைக்கே முழுதாகப் படியுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனியோ அவர்கள் வக்கீலோ அனுப்பிய வெறும் டிமாண்ட் நோட்டீஸா, ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறை விசாரித்து முடிவு சொல்லும் நடுவர்) என்று ஒருவர் அனுப்பியதா என்று பாருங்கள். வண்டிக்கடன் ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் ஆர்பிட்ரேட்டரிடம் போகலாம் என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். அப்படி வந்த நோட்டீஸை அலமாரியில் வைத்துவிட்டால் நீங்கள் இல்லாமலேயே விசாரணை நடந்து உத்தரவும் போட்டுவிடுவார்கள். அந்த உத்தரவை கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மாதிரியே நிறைவேற்ற முடியும். அதை எதிர்த்துப் போக மூன்று மாதம்தான், மிஞ்சினால் இன்னும் முப்பது நாள். தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

ஜாமீன் கையெழுத்து என்றால் ‘ஆள் நல்லவன், எனக்குத் தெரியும்’ என்று சாட்சி சொல்வது என்றுதான் நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-இன்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. ‘முதலில் அவனைப் பிடியுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்’ என்று சொல்லும் உரிமைகூட உங்களுக்குக் கிடையாது. நேராக உங்களிடம் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1969-லேயே சொல்லிவிட்டது. அவன் தவணை தவறினால் கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்து அடிபடலாம்.

அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டிருக்கும் என்று நீங்கள் சொல்லாமலே என்னால் சொல்ல முடியும். இந்த மாதிரிப் படிவங்கள் கேஸ் கட்டில் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கத்தைக் காகிதம். கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. தொகை, வட்டி, தவணைக் கட்டங்கள் கையெழுத்துப் போடும்போது காலி. மேலே வேறு பேனாவில் பின்னால் நிரப்பிய எழுத்து. இரண்டாவது பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாலே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் டீ சொல்லிவிடுவார், பக்கத்தில் நிற்கும் கூட்டாளி “ஏம்ப்பா, என்மேல நம்பிக்கை இல்லையா?” என்பான். அந்த ஒரு கேள்விக்கு நம் ஆட்களிடம் பதில் கிடையாது. கையெழுத்து விழுந்துவிடும்.

அதற்காகக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. எழுத்தில் பதில் அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள்: கடன் ஒப்பந்தத்தின் நகல், நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகல், முதல் தவணையிலிருந்து இன்றுவரை கணக்கு விவரம், அப்புறம் டெம்போ என்ன ஆனது. கடைசிக் கேள்விதான் முக்கியம். வண்டியைப் பிடித்து விற்றிருந்தால் எந்தத் தேதியில், என்ன விலைக்கு, அந்தப் பணம் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். ஈடாக இருந்த வண்டியை உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் கொடுத்தவரே கைவிட்டிருந்தால் அதன் மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும். உங்களுக்குத் தெரியாமல் கடன் நிபந்தனையை மாற்றியிருந்தாலும் வாதாட இடம் உண்டு.

பேசி முடிப்பதாக இருந்தால் காலி செக் கொடுக்காதீர்கள். ‘சும்மா செக்யூரிட்டிக்கு’ என்றுதான் கேட்பார்கள். அது நாளைக்கு செக் பவுன்ஸ் கேஸாகத் திரும்பி வரும். பணம் கட்டினால் ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டியது என்று எழுதிய ரசீது வாங்குங்கள். கட்டிய தொகைக்கு நீங்கள் கூட்டாளி மேல் வழக்குப் போடலாம். கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள். பெங்களூரில் அவன் முகவரி கண்டுபிடிப்பது வேறு பாடு.

இனி தோப்பு. இதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் அப்பாவையும் சித்தப்பாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்தில் வாய்ப் பாகம் நன்றாகவே வேலை செய்தது. பிரித்துவிட்ட பெரியவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். இந்த செந்தூரா மரத்திலிருந்து அந்தப் பாறை வரைக்கும் அண்ணனுக்கு, பாறைக்கு அந்தப் பக்கம் தம்பிக்கு என்று சொன்னால் ஊருக்கே தெரியும். மீறினால் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்க ஆள் இருந்தது. நிலத்துக்கும் பெரிய விலை இல்லை. ஏக்கர் கணக்கில் பேசுவார்கள். பிறகு நான்குவழிச் சாலை வந்தது, ஓசூர் தொழிற்சாலைகள் பெருகின, மாங்கூழ் ஃபேக்டரிகள் வந்தன, பெங்களூர்க்காரர்கள் காரில் வந்து இறங்கி விலை கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது நம் பக்கம் சென்ட் கணக்கில் பேசுகிறார்கள், ரோட்டோரமானால் சதுர அடி. பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மரம் இருக்கும், அது எல்லை என்று சொன்னவர் இல்லை. சித்தப்பா மகனுக்கு அந்தப் பேச்சு நடந்தபோது வயது என்ன இருந்திருக்கும்? பிறந்தே இருந்திருக்க மாட்டான். அவன் வேண்டுமென்றே வம்பு செய்கிறானா, அவனுக்குச் சொல்லப்பட்ட எல்லையே வேறா என்று கடிதத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்த்தீர்களா?

நட்ட கல்லுக்காலைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அது கிரிமினல் கேஸாகிவிடும், அடிப்படைத் தகராறு அப்படியே கிடக்கும். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டேஷனுக்குப் போனால் ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். மேற்கொண்டு நடக்கூடாது என்று தடையுத்தரவு கேட்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

பட்டா தாத்தா பெயரில் இருப்பதைப் பெரிய பலமாகவோ பெரிய ஓட்டையாகவோ நினைக்க வேண்டாம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமை தந்துவிடாது. தாத்தாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூலப்பத்திரம் இருந்தால் தேடுங்கள். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பழைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். தாத்தா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் இறப்புச் சான்றும், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றும் வாங்குங்கள். தாத்தா எந்த வருடம் காலமானார், நிலம் அவர் சம்பாதித்ததா, அவருக்கு முன்னோரிடமிருந்து வந்ததா என்பதைப் பொறுத்துப் பங்குக் கணக்கே மாறும். அது அவர் சொந்தமாக வாங்கிய நிலமாக இருந்து, 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு உயில் எழுதாமல் அவர் காலமாகியிருந்தால், மகன்கள் இருவர் மட்டும் வாரிசு இல்லை. உங்கள் அத்தைகளும் வாரிசுகள். கடிதத்தில் அத்தை இருப்பதாகவோ இல்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்குப் பழகிவிட்டது.

அக்கா விஷயத்துக்கும் இது பொருந்தும். அவர் பங்கு கேட்டதில்லை என்கிறீர்கள். கேட்காததை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது; ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. அதே தீர்ப்பில், ‘நாங்கள் எப்போதோ வாயால் பிரித்துக்கொண்டோம்’ என்று சொல்லி மகள் பங்கை மறுப்பதை லேசில் ஏற்கக்கூடாது, அரசு ஆவணம் போன்ற வலுவான ஆதாரம் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு’ என்ற கணக்கும் சட்டத்தில் செல்லாது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவர் பங்கில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் உங்களுக்கும் சம உரிமை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்புவதற்குள் இருபது ரூபாய் பத்திரத்தில் ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் மாவட்டங்களில் உண்டு. எழுதுகிறவர் நடுவீட்டில் பாயில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண் அழுது வீங்கிய கண்ணோடு அடுப்படியிலிருந்து வருவாள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டாள், முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். பதிவு செய்யாத அந்தக் காகிதத்தால் அவள் உரிமை போகாது. ஆனால் அண்ணன் தம்பிமேல் இருந்த பாசம் அன்றைக்கே கொஞ்சம் போய்விடும். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் நடந்திருந்தால் அந்தக் காகிதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நேரில் போங்கள். “இது உன் பங்கு, என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். நிலமாகக் கேட்டால் கொடுங்கள், பணமாகக் கேட்டால் பேசுங்கள். அவரே மனதார வேண்டாம் என்றால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இதைச் சொன்னால் சிலர் என்மேல் கோபப்படுகிறார்கள், கேட்காத பெண்ணைக் கேட்க வைக்கிறேனாம். பத்து வருடம் கழித்து அவர் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு உங்கள்மேல் பாசம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

களியைச் சூட்டோடு இருக்கும்போதே உருட்டிவிட வேண்டும், ஆறிய பிறகு உருட்டினால் விரிசல் விடும். குடும்பக் கணக்கும் அப்படித்தான். உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தட்டில் சாப்பிட்ட நாளில் ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவு பட்டா வாங்கியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கும் சித்தப்பா மகனுக்கும் நடுவில் சண்டை போட ஒன்றும் இருந்திருக்காது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். அதைச் சொன்னவர்களே சொத்து என்று வரும்போது மறந்துவிட்டார்கள்.

இப்போதும் முழுக்க ஆறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எல்லா வாரிசுகளையும் உட்காரவைத்து, சர்வேயர் அளந்து காட்டிய பிறகு, எல்லோரும் சேர்ந்து ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம் போட முடியுமா பாருங்கள். ஒருவரை விட்டுவிட்டுப் போட்டால் அந்த ஒருவர் நாளைக்கு வழக்குப் போடுவார். நேரடியாகப் பேச முடியாத நிலைமை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் உண்டு, தர்மபுரியிலும் உண்டு. தொலைபேசியில் 15100. வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அதற்குக் கோர்ட் டிகிரியின் பலம் உண்டு, அப்பீலும் கிடையாது. பாகப்பிரிவினை வழக்கு என்று இறங்கினால் எத்தனை வருடம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் பீஸுக்கு நல்லது, உங்களுக்கு நல்லதில்லை.

எழுதிவைப்பது நல்லது என்றதும் இன்னொரு கோடிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சண்டை போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இருக்கிற வீடு, நிலம் எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்டாக, அதாவது தானமாக, எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மருந்துக்குக் காசு கேட்டு நிற்பார்கள். செட்டில்மென்ட் கொடுத்தால் கொடுத்ததுதான், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால், 2007-ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனுப் போட்டு ரத்து கேட்க வழி உண்டு. அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்? உயில் எழுதினால் போதும். வெள்ளைக் காகிதத்தில் எழுதலாம், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். உங்களுக்கு 54 வயது, கடை இருக்கிறது, உயில் இருக்கிறதா?

மகனுக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்குப் போகும் பையன், ஜாமீன் கேட்டு சக ஊழியர்கள் கண்டிப்பாக வருவார்கள். முழுக் கடனையும் நானே கட்டும் வசதியும் மனசும் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுவேன் என்று அவன் முடிவு செய்துகொள்ளட்டும். இல்லையென்றால், “கையெழுத்து முடியாது, என்னிடம் இருப்பது இவ்வளவு, வைத்துக்கொள்” என்று திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு தொகையைக் கொடுக்கட்டும். அதற்காக முறைத்துக்கொண்டு போகிறவன் போகட்டும். கைமாத்துக் கொடுத்தால் வங்கிக் கணக்கில் அனுப்பட்டும், ‘கடனாக அனுப்பினேன்’ என்று ஒரு வாட்ஸ்அப் போடட்டும். புரோநோட்டு வாங்கினால் மூன்று வருடத்துக்கு மேல் தூங்கவிடக் கூடாது. கல்யாணம் ஆனதும் பிஎஃப் நாமினேஷனைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையது செல்லாமல் போகலாம். வங்கிக் கணக்குக்கு நாமினி இருக்கிறாரா என்றும் பார்க்கட்டும். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர்வரை போடலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான்; அது யாருக்குச் சேர வேண்டும் என்பது உயிலிலோ வாரிசுச் சட்டத்திலோ இருக்கிறது.

இதையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னால் அவன் போனைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பான். அதனால் நிலம் அளக்கும் நாளில் அவனுக்கு லீவு போடச் சொல்லுங்கள். சர்வேயர் சங்கிலி பிடிக்கும்போது கூட நிற்கட்டும். சித்தப்பா மகனிடம் நீங்கள் பேசும்போதும் பக்கத்தில் இருக்கட்டும், அக்கா வீட்டுக்கும் கூட்டிப் போங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர் (தேதி முத்திரை அதில்தான் இருக்கும்), கையில் இருக்கும் நிலப் பத்திரங்கள், பட்டா நகல், இறப்புச் சான்றுகள், அத்தை வீட்டார் உட்பட எல்லா வாரிசுகளின் பெயரும் வயதும் எழுதிய ஒரு தாள், இவற்றை எடுத்துப் போங்கள். முதலில் நோட்டீஸுக்குப் பதில் அனுப்புங்கள், தோப்பு இன்னும் இரண்டு வாரம் பொறுக்கும்.